என் மனைவி வாங்கிய கரி

கலியாணமாகி, பிள்ளையும் வளர்ந்து மட்டக்களப்பில் விடுதியில் நின்று படிக்கிற வயதில், ஒரு மனுசனுக்குத் தன் மனைவி மேல் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு வந்தது. நிலக்கரியால் வந்தது.

சீனன்குடாப் பக்கம் சமையல் எண்ணெய் சுத்திகரிக்கிற ஓர் ஆலையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். ஆலைக்கென்று சொந்தமாக ஒரு சின்ன மின்நிலையம் இருந்தது. அதன் பொயிலரில் நிலக்கரி எரியும். நீராவியும் மின்சாரமும் ஆலைக்குப் போகும், மிஞ்சுகிற மின்சாரத்தை வெளியே விற்பார்கள். நான் அங்கே இரசாயனவியலாளன். கப்பலில் வருகிற கரியை அள்ளி அரைத்து, அது எவ்வளவு வெப்பம் தரும், எவ்வளவு சாம்பல் விடும், எவ்வளவு ஈரம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அவள் கணக்குப் பிரிவில் இருந்தாள். காலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் போவோம். வாசலில் அவள் வலது பக்கம் திரும்புவாள், நான் இடது பக்கம் ஆய்வுகூடத்துக்குப் போவேன். அவளுடைய அறையில் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் சொல்கிற கரியைத்தான் அப்போது வாங்குவார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது, ஆனால் வழக்கம் அதுதான். முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, "இந்த முறை எது?" என்பார். நான் தென்னாபிரிக்கக் கரி என்பேன். காய்ந்த, கனமான, உடைத்தால் மினுங்குகிற கரி. கொஞ்சம் போட்டாலே பொயிலர் பிடித்துக்கொள்ளும். விலை கூடத்தான். ஆனால் எங்கள் துறைமுகம் ஆழமானது, பெரிய கப்பல் நேரே உள்ளே வரும், ஒரே தடவையில் நிறைய இறக்கினால் தொன்னுக்கு விழுகிற கப்பல் கூலி குறையும் என்று நான் விளக்குவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். கப்பல் முகவரின் கந்தோருக்குப் போனால் எனக்கென்று ஒரு கதிரை இழுத்துப் போடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது அது போன பிறகுதான் விளங்கியது.

நாட்டில் டொலர் இல்லாமல் போன காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வெளிநாட்டிலிருந்து ஒரு சாமான் வருவதென்றால், காசு வரும் என்று இங்குள்ள வங்கி விற்பவனுக்கு உறுதி கொடுக்க வேண்டும். எங்கள் வங்கிகளின் உறுதியை அப்போது அங்கே ஒருவரும் நம்பவில்லை. வேறெங்கோ நடந்த சண்டையால் கரி விலையும் உலகமெங்கும் ஏறிக்கொண்டிருந்தது. தென்னாபிரிக்கக் கரி விற்பவர் முழுக்காசையும் முன்கூட்டியே கேட்டார். எங்கள் முற்றத்தில் கரிக்குவியல் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு வந்தது.

முகாமையாளர் கூட்டம் வைத்தார். நான் ஒரு தடித்த அறிக்கை எழுதிக்கொண்டு போனேன். கணக்காளர் சுகமில்லாமல் லீவில் நின்றதால் அவருடைய இடத்துக்கு என் மனைவியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் மேசையின் கடைசியில், ஒரு தாளோடு இருந்தாள்.

நான் பேசி முடித்த பிறகு முகாமையாளர் பெருமூச்சு விட்டார். "நீங்க சொல்லுறது நல்ல கரிதான். ஆனா வாங்க ஏலாதே," என்றார். பிறகு அவளைப் பார்த்தார். "கணக்குப் பக்கம் என்ன சொல்லுது?"

"இந்தோனேசியக் கரி எடுக்கலாம்," என்றாள் அவள்.

நான் சிரித்தேன். "அது பாதி தண்ணி."

"ஓம், ஈரம் கூடத்தான். வெப்பமும் குறைவு. அதை நீங்களே அறிக்கையில எழுதியிருக்கிறீங்கள்." அவள் என்னைப் பார்க்காமல் முகாமையாளரைப் பார்த்துப் பேசினாள். "ஆனா நாங்கள் காசு குடுக்கிறது வெப்பத்துக்குத்தானே சேர். ஒரு தொன் என்ன விலை எண்டு மட்டும் பாக்கப்படாது. இந்தப் பொயிலருக்கு வேண்டிய வெப்பம் எங்கட முற்றத்தில வந்து இறங்கேக்க என்ன விலை எண்டு பாக்க வேணும். தூரம் கிட்ட. சின்னக் கப்பலே போதும். அதால ஒரே நேரத்தில கனக்க டொலர் தேடத் தேவையில்லை."

"ஈரத்துக்கு என்ன செய்யிறது?"

"கட்டைபறிச்சானில அப்பா நெல் விக்கிறவர் சேர். ஈர நெல்லெண்டா வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு எண்டு கழிச்சுப்போட்டுத்தான் காசு குடுப்பான். தண்ணிக்கு ஏன் காசு எண்டு கேப்பான். நாங்களும் அதையே கேப்பம். சொன்ன அளவை விட ஈரம் கூடினா விலையில கழிக்க வேணும் எண்டு ஒப்பந்தத்தில போடுவம்."

"விக்கிறவன் ஒத்துக்கொள்ளுவானா?"

"ஒத்துக்கொள்ளுவான். காசுக்கும் கொஞ்சக் காலம் பொறுப்பன் எண்டவன்."

"ஆரிட்டச் சொன்னவன்?" என்று நான் கேட்டேன்.

"என்னட்ட. நேற்று மத்தியானம் தரகர் மூலம் கதைச்சனான்."

நேற்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் ஒரே சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டிருக்கிறோம். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கூட்டம் முடிந்தபோது என் அறிக்கை மேசையில் கிடந்தது. அவளுடைய ஒற்றைத் தாளை முகாமையாளர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் எரிபொருள் கொள்வனவு என்று ஒரு புதுப் பதவி வந்தது. அவளுக்குக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட அறை, குளிரூட்டி, தனித் தொலைபேசி. நான் அவளுக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னேன். கேக்கும் வாங்கிக்கொண்டு வந்தேன். என் துண்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் சின்னச் சின்னதாகத் தொடங்கியது. கொழும்புத் தரகர் பின்னேரத்தில் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். அவள் விறாந்தையில் நடந்து நடந்து ஆங்கிலத்தில் கதைப்பாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு காது கொடுப்பேன். வெப்பம், கப்பல் கூலி, கப்பல் தாமதித்தால் யார் தண்டம் கட்டுவது எல்லாம் அவள் வாயில் சரளமாக வந்தது. அந்தச் சொற்கள் பல வருடமாக என்னுடையவை என்று நான் நினைத்திருந்தேன். இடையில் அந்த ஆள் ஏதோ சொல்ல அவள் சிரிப்பாள். என் கதைக்கு அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம் என்று தோன்றும். தரகருக்கு என் தகப்பன் வயதிருக்கும். அது தெரிந்தும் தேங்காயோடு விரலையும் துருவிக்கொண்டேன்.

அவளுடைய தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். "அத்தான், உங்கட பாடு பரவாயில்லை. மேலதிகாரி வீட்டிலயே இருக்கிறா," என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். நான் அன்று முழுக்க அவனோடு கதைக்கவில்லை. துறைமுகத்தில் முகவரின் கந்தோரில் அந்தக் கதிரையை இப்போதும் இழுத்துப் போட்டார்கள். ஆனால் போட்டுவிட்டு, "மிஸிஸ் வரேல்லையோ சேர்?" என்று கேட்டார்கள்.

அந்தக் கரி வந்து சேர்ந்தது. மண்ணிறம் கலந்தது, இலேசானது, கையில் ஒட்டுவது. நான் ஆசையோடு மாதிரி எடுத்தேன். ஈரம் ஒப்பந்தத்தில் சொன்னதை விடக் கூடியிருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க முடியாமல் அந்த முடிவை நானே கொண்டுபோய் அவளுடைய கண்ணாடி அறையில் வைத்தேன்.

"பாரும்," என்றேன். "நான் சொன்னனான்தானே."

அவள் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "நல்ல வேலை பாத்தீங்கள். ஒப்பம் போட்டு முத்திரையும் குத்தித் தாங்கோ. இண்டைக்கே அனுப்பவேணும்."

விற்பவன் விலையில் கழித்தான். அவளைக் குத்துவதற்கென்று நான் கொண்டுபோன ஈர அளவை வைத்தே அவள் கரியை இன்னும் மலிவாக்கிவிட்டாள். முகாமையாளர் வழியில் என்னைக் கண்டு தோளில் தட்டினார். "நீங்க ரெண்டு பேரும் நல்ல சோடி," என்றார். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். இந்த வகைக் கரி குவியலில் கனநாள் கிடந்தால் தானாகவே சூடாகும். காற்று உள்ளே போய்ப் போய், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கனலும். அதையும் அறிக்கையில் எழுதியிருந்தேன். அவளும் வாசித்திருந்தாள். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாள். ஒரு கப்பல் கரி எரிந்து முடிய அடுத்த கப்பல். குவியல் சூடாக நேரமே இராது. கணக்குச் சரிதான். ஆனால் டொலர் இல்லாமல் ஆலைக்கு வரவேண்டிய எண்ணெயும் வரவில்லை. ஆலை மெதுவானது, பொயிலர் குறைவாகத் தின்றது, கரி முற்றத்தில் தேங்கியது. அதற்குள் கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது. அந்த அனல் காற்று குவியலின் ஒரு பக்கத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் போய்ச் சூடு பார்த்தேன். சூடு ஏறுகிறது என்று ஒழுங்காக எழுதியும் கொடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு காலையில் வாசலுக்கு வரும்போதே மணந்தது, ஈரச் சாக்கைச் சுட்ட மணம். குவியலின் தோளில் நீலப்புகை எழும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓடிவந்து நின்றார்கள். ஒருவர் தண்ணீர்க் குழாயை இழுத்தார்.

"தண்ணி வேண்டாம்!" என்று கத்தினேன். "தண்ணி விட்டா உள்ளுக்க இன்னும் கிளப்பும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தத் திரும்புதல். உண்மையைச் சொல்கிறேன், புகைக்கு நடுவில் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

அவள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, சீலையைத் தூக்கிச் செருகியபடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. என் பக்கத்தில் வந்து நின்று, "இப்ப என்ன செய்யவேணும்?" என்றாள்.

"என்னட்டக் கேக்கிறீரோ?"

"உங்களிட்டக் கேக்காமல் வேற ஆரிட்டக் கேக்கிறது?"

அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. கிண்ணியாவிலிருந்து வருகிற, மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் ஓட்டுநரைக் கூப்பிட்டு, சூடு பிடித்த பக்கத்தை மட்டும் வெட்டி வெளியே எடுக்கச் சொன்னேன். எடுத்ததை வெறுந்தரையில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டோம். மிச்சக் குவியலைப் பெக்கோவால் ஏறி ஏறி மிதித்து இறுக்கினோம், காற்றுப் போகாமல். வெயிலோடும் கச்சானோடும் பின்னேரம் வரை நின்றேன். மூக்குக்குள் கறுப்பு, பல்லில் நறநறப்பு. அந்த நாளைப் போல ஒரு நல்ல நாள் எனக்கு அந்த வருடத்தில் இருக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நான் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கேட்கிற கேள்விக்கெல்லாம் அவள் திணறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ எழும்பி, "இது நடக்கும் எண்டு அவர் முதலே எழுதியிருந்தவர். கப்பல் வாற நாளைத்தான் நான் பாத்தனான். ஆலை மெதுவாகும் எண்டதைப் பாக்கேல்லை. என்ர பிழை," என்றாள். அவ்வளவுதான். பிறகு வீணாய்ப்போன கரியின் பெறுமதியை, பெக்கோக் கூலியை, இனி இப்படி நடந்தால் வரக்கூடிய செலவை எல்லாம் விலையோடு சேர்த்துக் காட்டினாள். சேர்த்த பிறகும் தென்னாபிரிக்கக் கரியை விட மலிவாகவே நின்றது. இனிக் குவியலின் உயரத்தை நான் தீர்மானிக்க வேண்டும், நான் சொன்னால் அடுத்த கப்பலைப் பிந்தச் சொல்வாள் என்று முடிவானது.

எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வெற்றியை அவள் தன் கையாலேயே எடுத்து எனக்குப் பரிசாகத் தந்துவிட்டாள். தோற்றிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் வெடித்தேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உமக்கு எல்லாம் வாய்ச்சு வருது என்ன? பிழை விட்டாலும் கைதட்டுறாங்கள்."

"ஆர் கைதட்டினது?"

"நான் படிச்ச படிப்பு இது. இத்தனை வருசமா நான் பாத்த வேலை. நீர் ஒரு தாளைக் கொண்டுவந்து..."

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். ஆறுதலாகத்தான் கழுவினாள். "நான் உங்கட வேலையை எடுக்கேல்லையப்பா. நீங்கள் இப்பவும் அதைத்தானே செய்யிறீங்கள். நான் செய்யிற வேலையை முன்னம் ஒருத்தரும் செய்யேல்லை. உங்களுக்கு நல்ல கரி வேணும். ஆலைக்கு மலிஞ்ச நெருப்புத்தான் வேணும்."

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆலைக்கு நட்டம் வரப் பண்ணினனானோ?"

"டொலர் இருந்த காலத்தில அது சரிதானே. ஆர் பிழையெண்டு சொன்னது?"

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டு முடித்திருப்பேன். சில நாட்கள் நாங்கள் தேவைக்கு மட்டும் கதைத்தோம். மோட்டார் சைக்கிளில் அவள் என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு மகள் லீவில் வந்தாள். அவளுக்கு முன்னால் கதைக்கத் தொடங்கி, பழையபடி கதை வந்தது. என் பொறாமை மட்டும் போகவில்லை. அதோடு இருந்துகொண்டே உப்புப் புளி கேட்கவும், மின்கட்டணம் கட்டவும் பழகிக்கொண்டேன்.

நாடு கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு, கொழும்பில் ஒரு கம்பனி அவளைக் கேட்டது. பல ஆலைகளுக்கு எரிபொருள் வாங்கிக் கொடுக்கிற இடம். சம்பளமும் பெயரும் பெரிது. அவள் இரண்டு மனமாக இருந்தாள்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டாள்.

"போம்," என்றேன். "கிழமைக்கு ஒருக்கா வந்து போகலாம்தானே. இப்பிடி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வராது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல புருசன் சொல்கிற சொல்தான். நான் அதைச் சொல்லும்போது அந்தக் கண்ணாடி அறை என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவள் போன பிறகு எதிர்பார்த்தபடியே முகாமையாளர் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடி அறையில் அவளுடைய கதிரையில் இருத்தினார். முதல் நாள் தரகர் எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "மேடம் இல்லையா?" என்றார். "இனி நான்தான்," என்றேன். "நல்லது, நல்லது," என்றார். அவர் சிரிக்கவில்லை.

என் முதல் கொள்வனவு தென்னாபிரிக்கக் கரியாகத்தான் இருக்கும் என்று நான் முடிவெடுத்திருந்தேன். இப்போது டொலர் கிடைத்தது, வங்கி உறுதியும் கிடைத்தது. விலைகளை எடுத்துத் தாளில் போட்டேன். பெரிய கப்பல் மலிவுதான். ஆனால் அவ்வளவு கரியும் முற்றத்தில் மாதக்கணக்கில் கிடக்க, அதற்குள் முடங்குகிற காசுக்கு வங்கி வட்டி ஓடிக்கொண்டிருக்கும். சரி, சின்னக் கப்பல் என்று போட்டேன். அவ்வளவு தூரத்துக்குச் சின்னக் கப்பலின் கூலி விலையைத் தூக்கியது. இரண்டு கரியையும் கலப்போம் என்று போட்டேன். அவ்வளவு கொஞ்சமாக விற்க ஒருவரும் ஆயத்தமில்லை. சாம்பலை, ஈரத்தை, குவியல் கனல்வதை எல்லாம் என்னால் முடிந்த மட்டும் இந்தோனேசியக் கரிக்கு எதிராகப் போட்டுப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. ஒரு வழியாலும் என் கரி மலிவாக வரவில்லை.

பின்னேரம் இந்தோனேசியக் கரிக்குக் கையெழுத்து வைத்தேன். கப்பல் கூலியில் மட்டும் அவள் கொடுத்ததை விடக் குறைந்த ஒரு விலையைப் பிடித்திருந்தேன். அதை அவளுக்குச் சொல்லவே தொலைபேசி எடுத்தேன்.

"எதை எடுத்தீங்கள்?" என்று கேட்டாள்.

"உம்மட கரியைத்தான். ஆனா கூலி உம்மை விடக் குறைச்சு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "கப்பலில கிரேன் இருக்கோ? எங்கட இறங்குதுறையில கிரேன் இல்லையே. கிரேன் இல்லாத கப்பல்தான் கூலி குறைய வரும்."

"இருக்கும், இருக்கும்," என்றேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. காது சூடாகி, மகளைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

விடிந்ததும் முகவரின் கந்தோருக்குப் போனேன். கதிரை போட்டார்கள். கப்பலின் விபரத்தைப் பார்க்கச் சொன்னேன். கிரேன் இல்லை. முகவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மிஸிஸ் எண்டா முதலே கேட்டிருப்பா," என்றார். நல்ல மனுசன், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை.

"ஓம்," என்றேன். "வேற கப்பல் பாருங்கோ."

கிரேன் உள்ள கப்பல் கிடைத்தது. கூலி அவள் கொடுத்த அளவுக்கே வந்து நின்றது. வெள்ளிக்கிழமை பின்னேரம், கொழும்பிலிருந்து வந்த அவளைப் பஸ் நிலையத்திலிருந்து ஏற்றிவரப் போனேன். பையை வாங்கிக்கொண்டு, "கிரேன் இருக்கிற கப்பல்தான்," என்றேன்.

"நல்லது," என்றாள். முதலில் பேசிய கப்பல் என்னவானது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பின்னால் ஏறி இருந்து, "மார்க்கற்றடியால விடுங்கோ, மீன் வாங்கவேணும்," என்றாள்.